வேளாண் பொறியியல், துல்லிய வேளாண்மை: முதுநிலைப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறையில் முதுநிலை முடித்துவிட்டு, பிறகு சில வருடங்கள் ஆய்வு மாணவர்களோடு வயலிலும் ஆய்வகத்திலும் வேலை பார்த்தேன். அந்த நாட்களில் ஆரம்பித்த சந்தேகக் கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஆள் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எளிமையானவை முதலில் வரும், தலைவலி பிடித்தவை பின்னால்.

வேளாண் பொறியியல்னா விவசாயப் படிப்புதானே? விவசாயம் படிச்சவங்களும் இதையேதானே படிக்கிறாங்க?

இரண்டும் ஒரே வயலில்தான் நிற்கின்றன, ஆனால் பார்க்கும் இடம் வேறு. மருந்து தெளிப்பானின் நாசிலை, அதாவது மருந்து பீய்ச்சும் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பது வேளாண்மை படித்தவரின் கேள்வி. துளி எவ்வளவு பெரியது, காற்று அதை எவ்வளவு தூரம் அடித்துக்கொண்டு போகும், வண்டியின் வேகம் கூடினால் ஒரு ஹெக்டேரில் விழும் அளவு எவ்வளவு குறையும் என்பவை நம் கேள்விகள்.

ஒரு நாசிலில் வெளியேறும் அளவை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் அழுத்தத்தை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் துளி பொடியாகிப் பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும். அதனால்தான் அளவைக் கூட்ட நினைப்பவர் அழுத்தத்தைத் திருகாமல் நாசிலை மாற்றுகிறார். இந்த மாதிரிக் கணக்கில் உங்களுக்கு ருசி இருந்தால் துறை உங்களுக்குச் சரிப்படும்.

துல்லிய வேளாண்மைன்னா ட்ரோன் ஓட்டுறதா?

ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுக்கச் சில நாட்கள் போதும், அதற்கு இரண்டு வருடப் பட்டம் எதற்கு? ஒரே வயலுக்குள்ளேயே மண் ஆழம், ஈரம், சத்து, களை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரமும் மாறும். அந்த வேறுபாட்டை அளந்து, எங்கே என்ன தேவையோ அதை அங்கே மட்டும் கொடுப்பதுதான் துல்லிய வேளாண்மை. ட்ரோன் அதில் ஒரு கருவி. மண் துளைப்பானும் ஒரு கருவிதான், அதைப் போட்டோ எடுத்துப் போட யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவே.

வரலாறும் அதையே சொல்கிறது. ஆரம்பத்தில் இதை வளர்த்தவர்கள் மண் விஞ்ஞானிகள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பியர் ராபர்ட்டை இத்துறையின் தந்தை என்றே பலர் சொல்வார்கள். 1992-ல் மினியாபொலிஸில் நடந்த பயிலரங்கின் தலைப்பே மண்ணுக்கேற்ற பயிர் மேலாண்மை பற்றியதுதான். அதன் பிறகு 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை சாதாரண ரிசீவரில் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய இடம் அதற்குப் பின் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்தது. இன்று ஆர்டிகே வசதியுள்ள, அதாவது தரையிலுள்ள நிலையத்திலிருந்து ஜிபிஎஸ் திருத்தம் பெறும் டிராக்டர் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அதே தடத்தில் திரும்ப ஓடுகிறது.

நான் மெக்கானிக்கல். என் ஃப்ரெண்ட் கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்களையெல்லாம் சேர்த்துப்பாங்களா?

நிறைய இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். சில பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் மண்ணியலும் பயிரியலும். வேளாண்மை பட்டத்தோடு வருபவருக்கு இதே கதை தலைகீழாக நடக்கும், கணக்கும் மின்னணுவியலும் எடுக்கச் சொல்வார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் அடிப்படைத் தேவைகள் என்ற பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரியாத விஷயம் எது என்பதே முதல் ஆறு மாதம் உங்களுக்குத் தெரியாது. வகுப்பில் யாராவது வயல் கொள்திறன் (அதிகத் தண்ணீர் வடிந்த பின் மண் பிடித்துவைக்கும் ஈரம்) என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகாமல், அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

விவசாயக் குடும்பம் இல்லை, வயலில் கால் வச்சதே இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் சேர்வதற்கு முன் ஒரு விதைப்பையும் ஒரு அறுவடையையும் முழு நாள் கூட நின்று பாருங்கள். இயந்திரம் எத்தனை தடவை நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்தாலே போதும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பலவீனமும் உண்டு. தங்கள் வயலில் நடப்பதுதான் எல்லா வயலிலும் நடக்கும் என்று நினைத்துவிடுவார்கள்.

முதுநிலையில என்னென்ன படிக்கணும்?

பண்ணை இயந்திரமும் ஆற்றலும், மண் நீர்ப் பொறியியல், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம், கால்நடைக் கொட்டகை, பசுமைக்குடில் போன்ற கட்டமைப்புகள் என்று பழைய பிரிவுகள் இருக்கின்றன. துல்லிய வேளாண்மை இவற்றில் முதல் இரண்டின் மேல் குறுக்காக ஓடுகிறது. எங்கே படித்தாலும் புள்ளியியல், மண் இயற்பியல், அளவீட்டுக் கருவியியல், தொலையுணர்தல் (செயற்கைக்கோள், ட்ரோன் படங்களிலிருந்து அளப்பது), ஜிஐஎஸ் (கணினி வரைபட முறை) ஆகியவை வந்தே தீரும். பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அதற்கு எத்தனை மணி நேரம் வயல் பயிற்சி என்று பாருங்கள்.

கணக்குன்னா பயம். எவ்வளவு கணக்கு வேணும்?

புள்ளியியல் நிறைய வேண்டும். நேரியல் இயற்கணிதம் கொஞ்சம். நீரோட்டம், வெப்பம், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றில் இறங்கினால் வகைக்கெழுச் சமன்பாடுகள். பயப்படுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, நீங்கள் பயப்படும் புள்ளியியலில் ஒரு பெரிய பகுதி வயலில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்கு 1919-ல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வந்தபோது, அங்கே பிராட்பாக் என்ற கோதுமை வயலில் 1843-ல் தொடங்கிய சோதனையில் வருடா வருடம் எடுத்த விளைச்சல் கணக்கு குவிந்து கிடந்தது. அந்தக் குவியலோடு மல்லுக்கட்டியபடிதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வையும், சோதனைப் பாத்திகளைக் குலுக்கல் முறையில் அமைக்கும் விதியையும் அவர் வளர்த்தெடுத்தார்.

ஏன் குலுக்கல்? உங்கள் உரப் பாத்திகள் எல்லாம் வயலின் தாழ்வான பக்கத்தில் விழுந்துவிட்டால், வித்தியாசம் உரத்தால் வந்ததா தண்ணீரால் வந்ததா என்று எவராலும் பிரிக்க முடியாது. வயலைக் கண்ணால் பார்த்தவருக்கு இது சட்டென்று புரியும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத்தான் பயம் வருகிறது.

கோடிங் தெரியணுமா? என்ன மொழி?

பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்று. வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது. இயந்திரப் பக்கம் போகிறவர் மைக்ரோகண்ட்ரோலரில் சென்சார் இணைக்கவும், டிராக்டரின் பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் கம்பியின் செய்தியைப் படிக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பெனி டிராக்டரும் இன்னொரு கம்பெனி தெளிப்பானும் பேசிக்கொள்ளும் மொழிதான் ஐஎஸ்ஓ 11783, பேச்சு வழக்கில் ஐசோபஸ்.

கோடிங்கைவிட நிறைய பேரைக் கவிழ்ப்பது ஆயத்தொலைவுகள்தான், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். 40 டிகிரி 30 நிமிடம் என்று வயலில் குறித்து வந்ததை ஒரு மாணவர் 40.30 என்று தட்டச்சு செய்தார். சரியான எண் 40.50. அந்த 0.2 டிகிரி வடக்கு தெற்காக 22 கிலோமீட்டர். அவருடைய மண் மாதிரிகள் எல்லாம் ஓர் ஏரிக்கு நடுவில் போய் விழுந்ததால் பிழை தெரிந்தது. ஏரி இல்லாமல் இன்னொரு வயலில் விழுந்திருந்தால் ஆய்வேடு வரைக்கும் போயிருக்கும்.

ஆய்வேடு எழுதுற வழியா, பாடங்கள் மட்டும் படிக்கிற வழியா? எது நல்லது?

வேலையில் இருந்துகொண்டு பட்டம் வேண்டும் என்பவருக்குப் பாட வழி போதும். பிஎச்.டி. யோசனை கொஞ்சமாவது இருந்தாலோ, உதவித்தொகையோடு படிக்க நினைத்தாலோ ஆய்வேடு வழிதான். ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும் உதவித்தொகை அந்த வேலையைச் செய்பவருக்குத்தானே கிடைக்கும்? எனக்குச் சார்பு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். வயலில் ஒரு பருவம் முழுக்கத் தோற்றுப் பார்க்காதவர் இந்தத் துறையில் முதுநிலை முடித்ததாக நான் மனதளவில் எண்ணுவதில்லை.

பேராசிரியர்களுக்கு இருபது மெயில் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை. என்ன தப்பு?

இருபதும் ஒரே மெயிலாக இருந்திருக்கும். "தங்களின் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கும் மெயிலை அவர்கள் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. அவர் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தையோ, நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்று தோன்றும் இடத்தையோ இரண்டு வரியில் கேளுங்கள். நீங்கள் இதுவரை கையால் செய்த ஒரு வேலையை இரண்டு வரியில் சொல்லுங்கள். அடுத்த வருடம் புது மாணவர் எடுக்கிறாரா, அதற்கு நிதி இருக்கிறதா என்று ஒரு வரி. அவ்வளவுதான் மெயில்.

பதில் வந்த பிறகு நீங்களும் அவரைச் சோதிக்க வேண்டும். அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும். வயலுக்குப் போக வண்டியும் ஆளும் கிடைக்கிறதா? கருவி பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது? கைடு கடைசியாக வயலுக்கு எப்போது வந்தார்? மூன்றாவது கேள்விக்கு மாணவர் சிரித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

தலைப்புல செயற்கை நுண்ணறிவுன்னு போட்டா நல்லா எடுபடும்னு சொல்றாங்க. போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் ஒரு கதை. இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிக்க பிளான்ட்வில்லேஜ் என்ற படத்தொகுப்பு பிரபலம். 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். அதைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு நரம்பு வலையமைப்பு 99.35 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. துறையே துள்ளிக் குதித்தது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. வேறு சூழலில், வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் ஏறக்குறைய 31 சதவீதத்துக்கு இறங்கியது. எழுதியவர்கள் அதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். படித்தவர்கள்தான் முதல் எண்ணோடு எழுந்துவிட்டார்கள்.

காரணம் எளிது. பறித்த இலையை ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள் அவை. வயலில் இலை மேல் இலை கிடக்கும், நிழல் விழும், தூசி இருக்கும், ஒரே இலையில் இரண்டு நோய் இருக்கும். ஆகவே நல்ல தலைப்பு 99-லிருந்து 99.5-க்குப் போவதல்ல. 31-ஐ 60 ஆக்குவது எப்படி, அல்லது அது ஏன் விழுகிறது என்பதில்தான் ஆய்வு இருக்கிறது.

தலைப்பு தேடும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் முடிவு தெரிந்தால் விவசாயி தன் வயலில் எதை மாற்றிச் செய்வார்? இதற்கு ஒரு வரியில் பதில் வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் வேகவில்லை.

ஒரு பருவம் போயிடுச்சுன்னா என்ன ஆகும்? திரும்பச் செஞ்சுக்கலாம்ல?

அடுத்த வருடம் செய்துகொள்ளலாம். மற்ற பொறியியல் மாணவருக்கு சோதனை கெட்டால் அடுத்த வாரம் திரும்ப ஓட்டலாம், நமக்குப் பயிர் திரும்ப முளைக்க வேண்டும். இரண்டு வருட முதுநிலையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலான இடங்களில் இரண்டு பருவம், சில இடங்களில் ஒன்றே ஒன்று. அதனால் அறுவடைத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கருவி கையில் வரவேண்டிய நாள் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு. விதைப்பு அன்று பெட்டியைப் பிரிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மண் ஈர சென்சார்களை அவசரமாகத் துளை போட்டு இறக்கினேன். துளை சென்சாரைவிடக் கொஞ்சம் அகலம். மூன்று வாரம் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச ஒன்று மட்டும் மண் வறண்டுகிடக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இடம் மணற்பாங்கு என்று நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து நோட்டில் எழுதிவிட்டேன். வயல் வேலைக்கு வந்த அக்கா ஒருவர் பக்கத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிக் காட்டினார், உருண்டையாக நின்றது. பிறகுதான் மாதிரி எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி எடை பார்த்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது. சென்சாருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று. இவ்வகை சென்சார் தன்னைச் சுற்றியுள்ள பொருளின் மின்காப்புத் தன்மையை அளந்து ஈரமாக மாற்றிச் சொல்கிறது. தண்ணீருக்கு அந்த மதிப்பு ஏறக்குறைய 80, காற்றுக்கு 1. மெல்லிய காற்று இடைவெளி போதும், எண் சரிந்துவிடும். மூன்று வார டேட்டா குப்பைக்குப் போனது.

ட்ரோன் படம் எடுத்து என்.டி.வி.ஐ. வரைபடம் போட்டுட்டேன். ஆய்வு முடிஞ்ச மாதிரிதானே?

இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, சிவப்பை ஒட்டியுள்ள அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் இந்த இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்தால் என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு. ஓரிடத்தில் அது குறைவாக இருந்தால் அங்கே பச்சை குறைவு என்றுதான் அர்த்தம். தழைச்சத்துக் குறைவா, தண்ணீர்க் குறைவா, பூச்சியா, விதைப்பு இயந்திரம் அடைத்துக்கொண்டதா என்பதை அந்த எண் சொல்லாது. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பயிர் நன்றாக மூடி அடர்ந்துவிட்டால் எண் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் வேறுபாடு காட்டாது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடையிலுள்ள சிவப்பு ஓரம் என்ற அலைப்பட்டையைப் பயன்படுத்தும் குறியீடுகள் அந்தக் கட்டத்தில் உதவும்.

இன்னொன்று, பறக்கும் முன்னும் பின்னும் அளவுத்தகட்டை, அதாவது எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே தெரிந்த தகட்டைப் படம் எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் இந்த வாரப் படத்தையும் போன வாரப் படத்தையும் ஒப்பிட முடியாது. பாதிப் பறப்பில் மேகம் வந்தால் வயலின் பாதி நோயாளி மாதிரித் தெரியும். பெரிய வயலாக இருந்தால் ட்ரோனே வேண்டாம் என்றும் யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஏறக்குறைய 5 நாளுக்கு ஒரு முறை, இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத் தொகுப்பு 1972 வரை பின்னால் போகிறது. மேகம்தான் எதிரி.

அறுவடை இயந்திரத்தோட விளைச்சல் வரைபடம் கிடைச்சிருக்கு. நேரா மண்டலமா பிரிச்சு உரம் பரிந்துரைக்கலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். முதலில் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த தடங்களில் அதிக விளைச்சல், குறைந்த விளைச்சல் என்று பற்கள் மாதிரி மாறி மாறித் தெரிகிறதா? கதிர் வெட்டப்பட்டு, அடிபட்டு, தானியம் சென்சாருக்கு வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். அது 12 விநாடி என்றும் வண்டி விநாடிக்கு 1.5 மீட்டர் போகிறது என்றும் வையுங்கள். அப்போது ஒவ்வொரு எண்ணும் தான் விளைந்த இடத்திலிருந்து 18 மீட்டர் தள்ளிப் பதிவாகும். போகும்போது ஒரு பக்கம் தள்ளும், திரும்பும்போது மறுபக்கம். இந்தத் தாமதத்தைத் திருத்தாமல் மண்டலம் பிரித்தால், இயந்திரத்தின் நடையைப் பார்த்து உரம் போட்டதாக ஆகும்.

அடுத்து வயல் ஓரத்தில் வண்டி திரும்பிய இடங்கள், வெட்டும் அகலத்தில் பாதிக்கு மட்டுமே கதிர் இருந்த தடங்கள், திடீரென்று நின்ற இடங்கள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். மொத்த எடையை எடைமேடையில் போட்டு ஒத்துப்பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒரு வருட வரைபடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மழை அதிகமான வருடத்தில் தோற்ற பள்ளம், வறண்ட வருடத்தில் வயலிலேயே நல்ல இடமாக இருக்கும். மூன்று நான்கு வருடம் சேர்ந்தால்தான் எது நிலையான குறை, எது அந்த வருடத்துக் குறை என்று பிரியும்.

என் மாடல் 95 சதவீதம் சரியா வருது. ஆனா கைடு ஒத்துக்க மாட்டேங்கிறார். ஏன்?

நீங்கள் சோதனைக்கு ஒதுக்கிய புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தீர்களா? அப்படியென்றால் அவர் சொல்வது சரி. புள்ளியியல் கேள்வியில் குலுக்கலைப் புகழ்ந்துவிட்டு இங்கே மாற்றிப் பேசுகிறேனே என்று நினைக்கலாம். பாத்திகளுக்கு உரம் ஒதுக்கக் குலுக்கல் வேண்டும். மாடலைச் சோதிக்கும் இடத்தில் அதே குலுக்கல் ஏமாற்றும். வயலில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். பயிற்சிப் புள்ளிக்கு இரண்டு மீட்டர் தள்ளியிருப்பதைச் சோதனைப் புள்ளியாக வைத்தால், மாடல் கற்றுக்கொள்ளவே வேண்டியதில்லை, பக்கத்தைப் பார்த்து எழுதினால் போதும். தேர்வறையில் நடப்பதுதான்.

ஒரு முழுத் துண்டையோ, ஒரு முழு வயலையோ, முடிந்தால் ஒரு முழு வருடத்தையோ ஒளித்துவைத்துவிட்டு மற்றதில் பயிற்சி கொடுங்கள். 95 என்பது 70-க்கு வந்தால் மனம் உடைய வேண்டாம், அந்த 70-ஐ ஆய்வேட்டில் எழுதலாம். இலைப் படக் கதையில் 99 ஏன் 31 ஆனது என்பதற்கும் இதற்கும் அண்ணன் தம்பி உறவு.

ஒரே ஒரு வயல்ல ஒரு பருவம் செஞ்சேன். வெளியிடுவாங்களா?

நல்ல இதழில் கஷ்டம். முறையைச் சோதித்த கட்டுரையாக, அதாவது இந்தக் கருவி இந்த நிலையில் இவ்வளவு பிழை காட்டுகிறது என்ற அளவில் எழுதினால் வாய்ப்பு உண்டு. இந்த உர முறை நல்லது என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே பாத்தியில் ஐம்பது அளவு எடுத்தாலும் அது ஐம்பது மறுசோதனை ஆகாது, ஒரே பாத்தியை ஐம்பது தடவை பார்த்ததுதான். இந்த ஒரு தப்புக்காகவே திரும்பிவந்த கட்டுரைகள் ஏராளம்.

விவசாயி வயல்ல எடுத்த டேட்டா யாருக்குச் சொந்தம்? நான் வெளியிடலாமா?

இதைக் கேட்டவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். இதழ்கள் இப்போது டேட்டாவைப் பொதுவில் வைக்கச் சொல்கின்றன. விவசாயிக்கோ தன் வயலின் விளைச்சல் ஊருக்கே தெரிந்தால் குத்தகை பேசும்போதும் விற்கும்போதும் பாதிப்பு. இரண்டுக்கும் நடுவில் மாணவர் மாட்டிக்கொள்கிறார். அமெரிக்காவில் 2014-ல் விவசாய அமைப்புகளும் நிறுவனங்களும் பண்ணை டேட்டாவுக்கான கொள்கைகளை வகுத்தன, ஐரோப்பாவில் 2018-ல் ஒரு நடத்தை நெறி வந்தது. இரண்டும் பண்ணையில் உருவாகும் டேட்டாவின் மேல் விவசாயிக்கே முதல் உரிமை என்ற நிலையிலிருந்து தொடங்குகின்றன. இரண்டும் விரும்பி ஏற்பவைதான், சட்டம் இல்லை.

எனவே வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எந்த டேட்டா, யாரிடம் இருக்கும், எப்படி வெளியாகும், வேண்டாம் என்றால் எப்படி விலகுவது என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கம் போதும். வெளியிடும்போது ஆயத்தொலைவை நீக்கிவிட்டு வயலுக்குள்ளான தூரங்களை மட்டும் கொடுக்கலாம். பெயரை எடுத்துவிட்டு ஆயத்தொலைவை விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் இடத்தைத் தட்டினால் வீடே தெரியுமே, பெயர் எதற்கு?

இதெல்லாம் ஆயிரம் ஹெக்டேர் வச்சிருக்கிறவங்களுக்குத்தானே? சின்ன நிலத்துக்கு என்ன பயன்?

பெரிய இயந்திரத்தின் விலையைப் பெரிய நிலம்தான் தாங்கும், அது உண்மை. ஆனால் வேறுபாட்டைப் பார்த்துக் கொடுப்பது என்று மேலே சொன்ன கருத்துக்குப் பரப்பளவு தேவையில்லை. சிறு நிலங்களில் வேறுபாடு வயலுக்குள் இருப்பதைவிட வயலுக்கும் வயலுக்கும் நடுவில் அதிகம். நெல்லுக்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை வண்ண அட்டை ஒரு பிளாஸ்டிக் துண்டுதான். இலையை அதன் மேல் வைத்து நிறம் பார்த்துத் தழைச்சத்து போடுகிறார்கள், பேட்டரிகூட வேண்டாம். எனக்கு அது எந்தத் தானியங்கி டிராக்டருக்கும் குறைந்த துல்லிய வேளாண்மையாகத் தெரியவில்லை. சிறு நிலத்துக்கான மலிவான அளவீடு, வாடகைக்கு வரும் இயந்திரத்தின் வடிவமைப்பு, இரண்டிலும் ஆய்வுக்கு நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது.

படிச்சு முடிச்சா வேலை எங்க கிடைக்கும்? பிஎச்.டி. வரைக்கும் போகணுமா?

டிராக்டர், அறுவடை இயந்திர நிறுவனங்கள், பாசனக் கருவி நிறுவனங்கள், செயற்கைக்கோள் படங்களிலிருந்து பயிர் நிலவரம் சொல்லும் நிறுவனங்கள், பயிர்க் காப்பீடு, அரசு ஆய்வு நிலையங்கள். விளம்பரத்தில் டேட்டா விஞ்ஞானி என்று இருந்தாலும் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கருவியை அளவுதிருத்துவது, வயலில் பழுது பார்ப்பது, வரைபடத்தைச் சுத்தம் செய்வதுதான். விளைச்சல் வரைபடக் கேள்வியில் சொன்ன வேலையைச் சலிக்காமல் செய்யக்கூடியவரை எந்த நிறுவனமும் விடுவதில்லை. கற்பிக்கவும் சொந்தமாக ஆய்வு நடத்தவும்தான் பிஎச்.டி. வேண்டும். வேலை கிடைக்காததால் பிஎச்.டி. என்று வருபவரை மட்டும் நான் தடுத்துப் பார்ப்பேன்.

நாளைக்கு முதல் தடவை மாதிரி எடுக்க வயலுக்குப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும்?

மண் துளைப்பான், அளவுநாடா, குச்சிகள், கெட்டியான பிளாஸ்டிக் பைகள், ஜிபிஎஸ், அதற்கு இன்னொரு பேட்டரி, தொப்பி, நினைத்ததைவிட இரண்டு மடங்கு தண்ணீர். நோட்டில் எழுதப் பேனா வேண்டாம், பென்சில். பேனா மை நனைந்தால் ஓடிவிடும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு எழுதுங்கள், ஒன்று வெளியே ஒட்ட, ஒன்று பென்சிலில் எழுதி, அதைத் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு உள்ளே வைக்க. வெளிச்சீட்டு வண்டியின் பின்பக்கத்தில் உரசி உரிந்துவிடும். நாற்பது பை மண் ஆய்வக மேசையில் பெயரில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் உள்சீட்டின் அருமை எங்களுக்குத் தெரிந்தது.